கொப்பரைத் தராசில் ஏறிய லாத்தாவுக்கு

என் அன்பு லாத்தாவுக்கு, உன் விரலைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த தம்பி எழுதுவது.

உன் வருஷ பாத்திஹா முடிந்து நீ வாழ்க்கைப்பட்ட தீவான லாங் ஐலண்டிலிருந்து திரும்பிவிட்டேன். நெய்ச்சோறும் இறைச்சியும் யாருக்கும் குறைவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஒவ்வொருவரிடமும் உன் புருஷன், என் மதிப்புக்குரிய மச்சான், ஒரே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தார். “கடைசி வரைக்கும் நல்லா சாப்ட்டா. ஒரு கொறையும் வைக்கல.” வந்தவர்களும் தலையாட்டினார்கள். எந்த நோயில் போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண்ணேறு என்றிருப்பார்.

அதனால்தான் உன் கபுரடியில் நின்று முணுமுணுக்காமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உனக்கு வந்தது காசநோய், லாத்தா. நம் வீட்டில் அந்தச் சொல்லை மட்டும் இன்னும் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள்.

போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில் என் வீட்டில் தங்கி நீ வைத்தியம் பார்த்த மாதங்கள் நினைவிருக்கிறதா? காலையில் ஆஸ்பத்திரியில் ஊசி, வீட்டுக்கு வந்ததும் கை நிறைய மாத்திரை. அந்த மாத்திரை கிருமியைக் கொன்றதோடு உன் பசியையும் கொன்றது. மீன் வறுக்கும் வாடை வந்தாலே குமட்டினாய். உனக்காகவே என் மனைவி அடுப்பை வீட்டுக்குப் பின்னால் மாற்றினாள். காய்ச்சல் நின்றது, இருமலும் குறைந்தது. உடம்பு மட்டும் ஏறவில்லை. “பொறுமையா இருங்க, சதை கடைசியிலதான் வரும்” என்றார் டாக்டரம்மா.

மச்சானுக்கு ஏது பொறுமை? போட்டில் வந்து இறங்கியவர் உன் கையைத் தூக்கிப் பார்த்தார். வளையல் முழங்கை வரை சரிந்தது. “என் பொண்டாட்டியப் பட்டினி போட்டுல்ல வச்சிருக்கீங்க” என்றார். என் மனைவி அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்தச் சொல்லை மன்னித்துவிட்டதாக அவள் சொல்கிறாள். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

“இன்னும் பாதி மருந்துகூட முடியல மச்சான்” என்றேன்.

“வாத்தியாரே, ஆளு மருந்த சாப்ட்டா தேறணும். இங்க மருந்துல்ல ஆள சாப்ட்டிருக்கு.”

நீ சிரித்தாய். அவர் எதைச் சொன்னாலும் சிரிப்பாய். சிரித்துக்கொண்டே லாங் ஐலண்டுக்கு மூட்டையும் கட்டினாய்.

ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கும் அவருடைய சாச்சா மகன் கப்பலில் ஒரு பெட்டி அனுப்பினான். பசி எடுக்க ஒரு சிரப், சதை பிடிக்க ஹார்மோன் ஊசி. ஊசி போட அங்கேயே ஒரு கம்பவுண்டர் கிடைத்தார். ஆஸ்பத்திரி மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அலமாரிக்கு மேலே போனது. பசிக்க வைக்கிற மருந்தை வைத்துக்கொண்டு, பிழைக்க வைக்கிற மருந்தை நிறுத்தினார்கள். படித்தவர்கள் இப்படிச் செய்வார்களா என்று கேட்க நினைத்தேன். படித்தவர்களும் செய்கிறார்கள், பார்த்துவிட்டேன்.

பள்ளி விடுமுறையில் நான் அங்கே வந்தபோது மச்சானின் கடை வாசலில் கொப்பரை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சானுக்கு எதையும் தராசில் வைத்தால்தான் நம்பிக்கை. மூட்டைகள் முடிந்ததும் உன்னைக் கூப்பிட்டார். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினாய். மூட்டை தூக்கும் ராஞ்சிக்காரன் கல்லை மாற்றி வைத்துவிட்டுக் கத்தினான்: “வஜன் பட் கயா, பாபி!” எடை ஏறிவிட்டதாம். கடையில் நின்றவர்களுக்கெல்லாம் மச்சான் சர்பத் ஊற்றினார்.

“பாத்தீங்களா வாத்தியாரே? இந்தத் தராசு பொய் சொல்லுமா?”

“கிருமிய எந்தத் தராசுல நிறுப்பீங்க மச்சான்?”

அதற்குள் “வா தம்பி, சாப்புட வா” என்று ஓர் ஆண்குரல் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். நீதான்.

போர்ட் பிளேரில் எந்த வீட்டில் நபி புகழ் மௌலூது ஓதினாலும் பெண்கள் பக்கம் பைத்துப் பாட்டை முதலடி பாடி எடுத்துக் கொடுத்தவள் நீ. அந்தக் குரல் எங்கே போயிற்று? கம்பவுண்டரின் ஊசி சதையோடு சேர்த்து இதையும் கொடுத்திருந்தது. மேலுதட்டில் லேசாக மயிர்கூட இருந்தது.

மச்சான் சிரித்தார். “இனிமே கடைக்குத் திருடன் வரமாட்டான். உள்ளுக்கு இன்னொரு ஆம்பள இருக்கான்னு நெனச்சுக்குவான்.”

“அப்ப கல்லாச் சாவிய எங்கிட்டக் குடுங்க” என்றாய் நீ.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள். அதன் பிறகு நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய். 

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு லாத்தா. கொல்லையில் வைத்து உன்னைக் கெஞ்சினேன், என்னோடு வந்துவிடு என்று. நீ தணிந்த குரலில் சொன்னாய்: “எத்தன மாசம் எலும்பாக் கெடந்தேன். இப்பத்தான் சோறு ருசிக்குது தம்பி. இதப் போயி விடச் சொல்றியா?” நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?  உனக்கு அங்கேயாவது பதில் கிடைத்ததா?

மழைக்காலத்தில் இருமலோடு ரத்தமாக வந்தது. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் அங்கே வந்து காத்திருந்தும், கடல் அடங்கிப் போட் புறப்படுவதற்குள் நீ போய்விட்டாய். குளிப்பாட்டிய பெண்கள், “இந்த ஒடம்புலயா நோய் இருந்துச்சு?” என்று அதிசயப்பட்டார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியவர்கள் கனம் என்றார்கள். அழுதுகொண்டிருந்த மச்சானின் முகத்தில் அப்போதும் ஒரு பெருமையைக் கண்டேன். நான் பொல்லாதவன், அதனால்தான் கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்.

இனி, இந்த வருஷச் செய்தி.

பாத்திஹா அன்று திரைக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. எனக்குத் தெரிந்த இருமல். உன் மகள் ஜுலைகா. போன பெருநாளுக்குத் தைத்த சட்டை அவள் தோளில் நிற்கவில்லை. பக்கத்தில் அதே சிரப் பாட்டில். ஊசி அடுத்த கப்பலில் வருகிறதாம்.

என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். “மாமா, எனக்கும் உம்மா கொரல் வந்துருமா?”

மறுநாள் காலையில் மச்சான் தராசைத் துடைத்து வைத்தார். “ஏறு தாயி. இன்னைக்கு எவ்வளவுன்னு பாத்துக்கிட்டா, ஊசி போட்ட பெறகு எவ்வளவு ஏறுதுன்னு தெரியும்.”

நான் சண்டைக்குத் தயாராக எழுந்தேன். என் சண்டை தேவைப்படவில்லை.

“நான் கொப்பர இல்ல வாப்பா” என்றாள் உன் மகள். “மாமாகூடப் போறேன்.”

மச்சான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். போட் புறப்படும்போது படகுத்துறை ஜெட்டிக்கு ஓடிவந்து, “இதையாச்சும் குடுங்க வாத்தியாரே” என்று சிரப் பாட்டிலை அவள் மூட்டைக்குள் திணித்தார். நடுக்கடலில் எறிந்துவிடும் எண்ணத்தில்தான் அதை வெளியே எடுத்தேன். ஜுலைகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டாக்டர்ட்டக் கேட்டுட்டு எறிங்க மாமா.”

கேட்டேன். எக்ஸ்ரேயில் உன் நோய்தான், ஆனால் ஆரம்பம். டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஹார்மோன் ஊசி இவளுக்கு வேண்டாம். இந்த சிரப் தப்பில்லை. உங்க அக்கா மாத்திரையை விட்டுட்டு இதை மட்டும் குடிச்சதுதான் தப்பு. மாத்திரையோட சேர்த்துக் கொடுங்க, ரெண்டு வாய் சோறாவது இறங்கும்.”

ஆக, இத்தனை காலம் நான் சபித்த பாட்டில் இப்போது என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. நானே மூடியைத் திறந்து நானே ஊற்றிக் கொடுக்கிறேன். உன் புருஷனுக்கு இது தெரிய வேண்டாம் என்று இருந்தேன். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அதற்காக அவரை மன்னித்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுப்பு மறுபடியும் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது. நேற்று உன் மகள் குமட்டலோடு படுத்துக்கொண்டே, நீ எடுத்துக் கொடுக்கும் பைத்து ஒன்றை மெல்ல முனகினாள். உன் குரல் லாத்தா, ஊசிக்கு முந்தைய குரல். என் மனைவி பாத்திரத்தைக் கழுவாமல் அப்படியே நின்றாள்.

வாக்குக் கொடுக்கிறேன். டாக்டரம்மா போதும் என்று சொல்லும் வரை முதலில் மாத்திரை, பிறகுதான் சிரப். அவள் அழுதாலும் சரி, என்னைத் திட்டினாலும் சரி, மச்சானே ஜெட்டியில் வந்து நின்றாலும் சரி. எடை என்ன என்று இந்த வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்க மாட்டோம். பாடு என்று மட்டும்தான் கேட்போம்.

உன் தம்பி, ஜுலைகாவின் மாமன்,
காதர்
புரோத்ராபூர்