வலைக்கூடச் சுவரில் ஒரு மஞ்சள் கட்டம்

சுருக்குப்பைக்குள் கைவிட்டால், வெற்றிலைக்கு முன்னால் விரலில் தட்டுப்படுவது உன் பச்சை கிரேயான்தான். இன்று காலை மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அதை எடுத்து முகர்ந்தேன். பாதி மெழுகு வாடை, பாதி மீன் வாடை. நீ இருந்திருந்தால், "இன்னாமே, என் கிரேயானை கலீஜ் பண்ணி வெச்சிகீற" என்று முகத்தைச் சுளித்திருப்பாய். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றைக்கு உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

முகத்துவாரக்குப்பத்துக்கே நீ அங்கன்வாடி டீச்சர். எனக்கு மட்டும் பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோஸ்து. என் மகள் ரேவதி கைக்குழந்தையாக இருந்தபோது, தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தாய். வளர்ச்சி அட்டையில் புள்ளி, எடை குறைவு என்று காட்டும் மஞ்சளில் விழுந்தது. மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்ற பயத்தில், "பச்சைன்னு போட்டுடுமே" என்று கெஞ்சினேன். "கார்டுல பச்சை பூசினா புள்ளைக்கு எடை ஏறிடுமா?" என்று கேட்டுவிட்டு மஞ்சளிலேயே விட்டாய். ஒரு வாரம் உன்னோடு நான் பேசவில்லை.

அதே நிறங்களைத்தான் பிறகு, ஊர் உட்கார்ந்து வலை பின்னும் வலைக்கூடத்தின் சுவரில் ஏற்றினாய். உன் தராசில் ஏறி இறங்கிய பிள்ளைகளில் பதினெட்டு வயதைத் தொட்டவர்களுக்கு ஆளுக்கொரு கட்டம். காலேஜ் போனால் பச்சை, பன்னிரண்டோடு நின்றால் மஞ்சள், அதற்கும் முன்னால் நின்றால் சிவப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மாக்களுக்கும் அந்த நிறங்களைப் படிக்கத் தெரியும்.

வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு என் வீட்டுக்கும் வந்தாய். "ரேவதி?" என்றாய். "காலேஜில சேத்தாச்சு" என்றேன், கூசாமல். அது மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், வீட்டுக்காரர் வீட்டில். ரேவதி மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. நீ மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பச்சை பூசிக்கொண்டாய். தராசை மட்டுமே நம்புகிறவள், அன்று என்னை நம்பினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வலைக்கூடத்தில் ஊரைக் கூட்டி, எடுத்த எடுப்பிலேயே ரேவதியின் கட்டத்தின் மேல் விரலை வைத்தாய். "இந்தத் தெருவுல ஒரே பச்சை இதான். தடைக்காலத்துலயும் சேத்துகீறாங்க. உங்களால ஏன் முடியாது?" எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பின்னால் உட்கார்ந்திருந்த ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா எழுந்தாள். "டீச்சர், அந்தப் பொண்ணு டெய்லி கம்பெனி வேன்ல ஏறிகினு போவுது. அதுக்குப் பேரு காலேஜா?"

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் ஊசியைக் கீழே வைத்தார். "அப்ப மத்த கட்டமும் இப்டித்தானா? சும்மா பேஜாரு பண்ணிகினு."

நீ என்னைப் பார்த்தாய். "நெசமாமே?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நீ கன்னியம்மாவை நம்பியிருக்க மாட்டாய், என்னைத்தான் நம்பியிருப்பாய். எனக்கு அது தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ரேவதி அப்போதும் நிமிரவில்லை. "நெசந்தான். நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

நீ திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கத்தரித்து ரேவதியின் கட்டத்தின் மேல் ஒட்டி, அத்தனை பேரும் பார்க்க மஞ்சள் பூசினாய். "தப்பு என்னுது. வாயால சொன்னத பாக்காம எழுதிட்டேன். எல்லா வூட்டுக்கும் மறுபடி வரேன், பேப்பரக் காட்டுங்க" என்றாய். எனக்கு அவமானத்தில் உயிரே போய்விடும் போல இருந்தது. உன் மேல் கோபமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலேஜில் சேரக் கடைசி நாள். விடிந்ததும் என் வாசலில் நின்றாய். "மார்க் ஷீட் எங்கமே?" வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினலை எல்லாம் கம்பெனி ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ரேவதியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனால், மேனேஜர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளைக்கு அந்தத் தாள் கிடைத்து என்ன பிரயோசனம்? கம்பெனி கேட்டுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். டேங்கர் லாரிகள் ஹாரன் அடித்து ஓய்ந்து, உன்னைச் சுற்றிக்கொண்டு போயின. மத்தியானம் தாண்டியதும் நான் பயந்துபோய், "போலாம்மே" என்றேன். "ஒக்காரு" என்றாய், ஒற்றை வார்த்தை. மூன்று மணிக்கு உறையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். ஆட்டோவில் ரேவதி அதை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். காலேஜ் கவுன்டரை மூடப் போகும் நேரத்தில் சேர்த்தோம்.

திரும்பும் வழியில், "இப்பவாவது பச்சை பூசு" என்றேன். "சேந்தா பச்சை இல்ல. இனிமே முடிச்சாதான் பச்சை" என்றாய். ரேவதி இரண்டாம் வருடம் படிக்கும்போது, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ வீடு திரும்பவில்லை.

இப்போது நான்தான் வீடு வீடாகப் போகிறேன். சர்ட்டிபிகேட்டைக் கண்ணால் பார்க்காமல் பூசுவதில்லை. "மீன்காரிக்கு இன்னா ஆபீசர் வேலை" என்று சிரிக்கிறார்கள். சிரித்தவர்களே பிறகு கூப்பிட்டு, "எம்புள்ள கட்டம் இன்னா கலருல கீது?" என்று கேட்கிறார்கள். கன்னியம்மா மகன் டிப்ளமோ படிக்கிறான், தெரியுமா உனக்கு?

நேற்று ரேவதிக்குக் கடைசி ரிசல்ட். ஒரு பேப்பரில் மட்டும் ஃபெயில். வலைக்கூடத்தில் கன்னியம்மாதான் சொன்னாள், "பூசிடுமே. டீச்சர் ஆசப்பட்டது. ஒரு பேப்பர்தான, யாரு பாக்கப் போறாங்க?" உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் அழுகையும் ஆசையுமாக இருந்தது. கிரேயானை எடுத்துக் கட்டத்தின் மேல் வைத்தே விட்டேன்.

ரேவதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்மா. டீச்சர் ஒட்டின தாளு அது. நான் எழுதி முடிச்சிட்டு வரேன்."

அன்று போல அவள் தலையைக் குனியவில்லை. என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். நான் கிரேயானைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அடுத்த பரீட்சை வரைக்கும் அது என்னோடுதான் கூடை சுமக்கும். கட்டம் இன்னும் மஞ்சள்தான்மே.