மீண்டும் லிஃப்டின் கூரைமேல்

மார்ச் 4
கிடங்கில் போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் செய்தி வந்தது. சட்டம் நிறைவேறிவிட்டது! ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், திருநங்கை, திருநம்பி, யாராக இருந்தாலும் அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக்கூடாது, ஓரங்கட்டக்கூடாது. கையிலிருந்த டப்பா நழுவி எல்லாம் தரையில். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தையல்காரனுக்குப் போன் போட்டேன். வருடக்கணக்காக என்னோடு குடித்தனம் நடத்துகிறவனை நான் அழைப்பதே அப்படித்தான். தொழிலும் அதுதான். “கத்தாதடா, ஊசி குத்திடுச்சு” என்றான். விஷயத்தைச் சொன்னதும் என்னைவிட உரக்க அவன் கத்தினான்.

மார்ச் 5
நாளை வக்கீலம்மாவைப் பார்க்கிறோம். நான் ஏன் கிடங்கில் இருக்கிறேன் என்று கோர்வையாகச் சொல்ல வேண்டும். இங்கே ஒத்திகை.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒற்றை ஆளாகச் செய்கிற வேலை இல்லை இது. ஒருவன் லிஃப்டின் கூரைமேல் நிற்பான், மற்றவன் உச்சியில் இயந்திர அறையில் இருப்பான். வாக்கி-டாக்கியில் இவன் சொன்னதை அவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் லிஃப்ட் நகரும். என் ஜோடி அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, தொழிலில் மூத்தவர். எனக்கு முதன்முதலில் ஸ்பேனர் வாங்கிக் கொடுத்தவர்.

போன வருடம் ஒருநாள் கூரைமேல் குந்திக்கொண்டு தையல்காரனிடம் போனில் கொஞ்சிக்கொண்டிருந்தேன். இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கம்பியில் மாட்டி, அதன் பேசும் பொத்தான் அழுந்தியே கிடந்தது. “செல்லக்கட்டி, சாயங்காலம் முத்தம் வேணும்னா முதல்ல மீசைய எடு, குத்துது.” மொத்தக் குழுவும் கேட்டது. கட்டடத்துக் காவலாளிகூடக் கேட்டார். மீசையைப் பற்றிப் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்!

மறுநாள் என்னோடு ஜோடி சேர ஆள் இல்லை. அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் என்னைக் கிடங்கில் தள்ளினார். “உன் நல்லதுக்குத்தாம்பா.” என்ன நல்லது? யாருக்கு நல்லது?

மார்ச் 6
வக்கீலம்மா படபடவென்று பேசுகிறார். “அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சட்டம் அமலுக்கு வருது. அன்னிக்குப் போய்ப் பழைய வேலையக் கேளுங்க. மாட்டேன்னு சொல்லட்டும், அப்புறம் நான் பாத்துக்கறேன்.” மேனேஜர் மாட்டேன் என்று சொல்ல வேண்டுமே என்று எனக்கே ஆசை வந்துவிட்டது.

ஏப்ரல் 1
கேட்டேன். முட்டாள்கள் தினத்துக்கு விளையாடுகிறேன் என்றே நினைத்திருப்பார் மேனேஜர். “இது பாதுகாப்பு விஷயம்பா. உன்ன நம்பி எவன் உயிரக் கையில குடுப்பான்?”

ஏப்ரல் 2
புகார் கொடுத்தாயிற்று! பயம் இல்லை, குஷி. சரி, கொஞ்சம் பயமும்தான்.

ஏப்ரல் 11
அக்கா வந்தாள். “ஊரே சிரிக்கும்டா” என்று மூக்கைச் சிந்தினாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தையல்காரனிடம் சொல்கிறாள்: “விசாரணைக்கு இவன் அழுக்குச் சட்டையோட போய் நிப்பான். நல்லதா ஒண்ணு தெச்சுக் குடு.” அவனிடம் அவள் நேரடியாகப் பேசியது இதுதான் முதல் தடவை. அப்போதே அளவெடுக்க நாடாவோடு வந்துவிட்டான். என் அளவு அவனுக்குத் தெரியாதா என்ன!

மே 14
விசாரணை. அண்ணனைக் கம்பெனிதான் சாட்சியாகக் கூட்டி வந்தது. பாதுகாப்பு இல்லை என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் மறுபடி கூரைமேல் ஏறவே முடியாது.

வக்கீலம்மா கேட்டார்: “இவரோட வேலை செய்யறப்போ உங்க உயிருக்கு ஆபத்துன்னு என்னிக்காவது தோணியிருக்கா?”

அண்ணன் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்கவில்லை. “இவன் வீட்டு விஷயம் எனக்குப் பிடிக்கலீங்க. பிடிக்கலேன்னா பிடிக்கல. ஆனா நான் கூரைமேல நிக்கறப்போ இவன் மேல மெஷின் ரூம்ல இருந்து ‘இறக்கறேன்’னு சொன்னா நான் கண்ண மூடிட்டு நிப்பேன். வேற எவன் சொன்னாலும் ஒரு தடவ மேல பாப்பேன்.”

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அழுதேனா? அழுதேன். புதுச் சட்டை நனைந்தது.

ஜூன் 3
ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!

ஜூன் 4
நேற்று எழுத முடியவில்லை, இன்று நிதானமாக. பழைய வேலையைத் திருப்பித் தர வேண்டுமாம். ஜோடி கிடைக்கவில்லை என்பது சாக்கு, ஜோடி அமர்த்துவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று தீர்ப்பு. தையல்காரன் அதைச் சத்தம்போட்டுப் படிக்கச் சொல்லி, மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான். மறுபடி படிக்கச் சொன்னான்.

ஜூன் 10
முதல் நாள். அலுவலகக் கட்டடம், பழைய லிஃப்ட். ஜோடி யார் என்று தெரியாமல் போய் நின்றால், படியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். வேறு ஆளோடு போகிறாயா என்று மேனேஜர் அவரிடம் கேட்டாராம். வேண்டாம் என்றாராம். இதைக்கூட, அவரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்துக் காவலாளி சொல்லித்தான் தெரியும்.

பெல்ட்டை மாட்டினோம். கதவைத் திறந்து கூரைமேல் கால் வைக்கப் போனேன். “நில்லு” என்றார். பையிலிருந்து போனை எடுத்தார்.

“உனக்கு ஒண்ணுன்னா யாருக்குச் சொல்றது? உங்க அக்கா நம்பர்தான் எங்கிட்ட இருக்கு.”

வைக்கப் போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“வீட்டுல இருக்காரில்ல, அவர் நம்பரச் சொல்லு.”

சொன்னேன். மனப்பாடமான நம்பர், நடுவில் தடுமாறிவிட்டது. அவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.