வாண்டுவின் பின்னல்

என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? மகளுக்கு இருமல் நின்றதா? நான் சௌக்கியம். நேற்றைய ஹாக்கி மேட்சில் தோற்றுவிட்டோம். பேப்பரில் என்னைக் கிழித்திருப்பார்கள், வாங்காதீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, கடைசி நிமிடத்தில் பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது. நாங்கள் வாண்டு என்று கூப்பிடும் பதினாறு வயதுப் பெண்ணை அடிக்கச் சொல்லிக் கோச் கைகாட்டினார். அவளைப் போல் அடிக்க எங்களில் ஆளில்லை. ஆனால் தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவள் நான். தவறவிட்டால் நாடே அந்தக் குழந்தையைக் காய்ச்சி எடுக்குமே என்று, கேப்டன் என்கிற உரிமையில் நானே போய் அடித்தேன். கோல்கீப்பர் தாவாமலே தடுத்துவிட்டாள்.

பஸ்ஸில் வாண்டு கேட்டாள்: "நான் போட்டிருப்பேன்க்கா. ஏன் விடலை?"

"உனக்கு இன்னும் வயசிருக்குடி."

"அப்புறம் எதுக்கு என்னை டீம்ல எடுத்தீங்க?"



இன்று காலை சீப்போடு காத்திருந்தேன். அவள் தானே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டாள்.

நாளையிலிருந்து நம் மகளையே தலை பின்னிக்கொள்ளச் சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் அவிழ்த்துவிடாதீர்கள். பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

பயிற்சிக்கு விசில் ஊதுகிறார்கள். போட்டோவில் முகமும் தெரியட்டும்.