ஆளை அழிக்காமல் ரோலைக் கழற்றுவது

ஆவணி 4, வியாழன்

காலையிலேயே வெயில். காற்றில் புழுதி. நெட் இரண்டு முறை போனது.

நான் எழுதிய பள்ளிக்கூட சாஃப்ட்வேரில் புகார். கணக்கு டீச்சர் ஒருவர் வேலையை விட்டார். ஆபீசில் அவர் பதிவை நீக்கினார்கள். அவர் மகள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பப் பார்த்தால், அம்மா என்று யாரும் இல்லை என்கிறது திரை. சாயங்காலம் வரை பெஞ்சில் படுத்திருந்ததாம் அந்தப் பிள்ளை.

தப்பு என்னுடையது. புரோகிராமில் ஆசிரியருக்கு ஒரு கிளாஸ், அதாவது ஒரு அச்சு, பெற்றோருக்கு ஒன்று, இரண்டுமாக இருப்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று. ஒரு கிளாஸில் உருவான ஆப்ஜெக்ட், அதாவது ஓர் ஆளின் பதிவு, பாதியில் வேறு கிளாஸாக மாறாது. வேலை போனால் ஆப்ஜெக்ட்டையே அழிக்க வேண்டியதுதான். படிக்கும்போதே தெரிந்த விஷயம். அவசரத்தில் எழுதிவிட்டேன்.

கூட வேலை பார்க்கும் ஜெயா, மதுரையிலிருந்து போனில்: "ஏன்டி, ஆள எதுக்கு அழிக்கிற? ரோல மட்டும் கழட்டு."

மத்தியானம் கத்தரிக்காய். திரும்பவும்.

ஆவணி 5, வெள்ளி

ஜெயா சொன்னது ரோல் ஆப்ஜெக்ட் பேட்டர்ன் என்கிற வடிவமைப்பு. காகிதத்தில் வரைந்து பார்த்தேன். நடுவில் மனிதர்: பெயர், பிறந்த நாள். அவரிடம் ரோல்களின் பட்டியல். ஆசிரியர், பெற்றோர், பஸ் பொறுப்பாளர், ஒவ்வொன்றும் தனி ஆப்ஜெக்ட். வேண்டும்போது சேர்ப்பது, முடிந்ததும் எடுப்பது. ஒன்றை எடுத்தால் மற்றது அசையக் கூடாது.

பரளச்சியிலிருந்து பெரியம்மா வந்தார், தம்பி முருகன் கல்யாணத்துக்குத் துணி பார்க்க. அம்மாவிடம், "முடிச்சு யாருடி போடப்போறது?"

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை. மற்ற இரண்டும் அவனுடைய அக்கா தங்கை போடுவது. முருகனுக்கு இருப்பது நான் ஒருத்தி.

"சித்தப்பா மக பவானி இருக்கால்ல" என்றாள் அம்மா. குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. நான் நாலடி தள்ளி லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் இறந்து ஒன்றரை வருடம். நான் இப்போது மனைவி இல்லை, சரி. அக்காவும் இல்லையா? அதன் பிறகு ஒரு மணி நேரம் வேலை ஓடவில்லை.

ஆவணி 8, திங்கள்

கோடிங் முடிந்தது. சோதனை:
ஆசிரியரை எடு. பெற்றோர் இருக்கிறாரா? இருக்கிறார்.
பெற்றோரை எடு. பஸ் பொறுப்பாளர்? இருக்கிறார்.
எல்லாவற்றையும் எடு. மனிதர்? இருக்கிறார்.

பழைய பதிவுகளை மாற்றுவது பாக்கி. சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

பரமக்குடியிலிருந்து முருகன் வந்தான், லாரி செட் வேலை முடித்து. செருப்பைக் கழற்றும்போதே, "முடிச்சு நீதான் போடணும்க்கா. பவானிய கூப்பிட்டா தாலியக் கீழ வச்சிட்டு எந்திரிச்சிருவேன்."

"ஊரு என்னடா சொல்லும்" என்றாள் அம்மா.

"ஊருக்கா கல்யாணம்?"

அம்மா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என்னிடம், "நீயே போடு தாயி."

சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன், அவ்வளவு சந்தோஷம். பச்சைப் பட்டுப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன்.

ஆவணி 11, வியாழன்

அருப்புக்கோட்டை கல்யாண மண்டபம். புழுக்கம். ஃபேன் சத்தம் போடுகிறதே தவிரக் காற்று இல்லை.

முன்வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாகூட நகர்ந்து இடம் கொடுத்தார், "புடவ நல்லாருக்கு" என்றார். மணப்பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்னப் பெண்.

தாலித் தட்டு வரிசையாக வந்தது. ஒவ்வொருவரும் தொட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர். அந்தத் தாலியை என் கை தொடுவதை நினைத்ததும் எழுந்துவிட்டேன். பந்திக்கு இலை போட்டாச்சா பார்க்கிறேன் என்று யாரிடமோ சொன்னேன். அவர் என்னை எதுவும் கேட்கவே இல்லை.

சாப்பாட்டு ஹாலில் இலை எண்ணினேன். மேளம் வேகமெடுத்தது. மைக்கில், "மாப்பிள்ளைக்கு அக்கா வாங்க", இரண்டு தடவை. அப்புறம் மைக் இல்லாமல் முருகன் குரல், "அக்கா". நான் விட்ட இடத்திலிருந்து எண்ணினேன்.

முகூர்த்தம் தவறுமென்று பவானி போட்டாளாம்.

சாயங்காலம் முருகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். மாலையைக்கூடக் கழற்றவில்லை. "ஒன்ன யாருக்கா என்ன சொன்னாக? பேரச் சொல்லு."

"யாரும் ஒண்ணும் சொல்லலடா."

அவன் நம்பவில்லை. நேராகப் பெரியம்மாவிடம் சண்டைக்குப் போய்விட்டான். நானாகவேதான் எழுந்து போனேன் என்று சொல்லி நான் தடுக்கவில்லை.