உங்கள் இலையில் உருளைக்கிழங்கு

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் வீட்டு அடுப்படியில் உருளைக்கிழங்கு வெந்த வாசனைக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று உங்கள் முதல் திவசம். என்னைவிட உங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று நான் கேலி செய்த கிழங்கு. அது இல்லாத இலையை உங்கள் படத்தின் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் படையல் வைக்க உங்கள் அக்கா கிள்ளானிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்.

உங்கள் அம்மா திவசத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? கிழங்கு வைக்கலாம் என்று நீங்கள் சொன்னதும் அக்கா கரண்டியைக் கீழே போட்டார்கள். "அது வெள்ளக்காரன் கொண்டாந்தது. திவசத்துக்கு நாட்டுக் காய்தான்."

"கொண்டாந்தது மட்டும்தான் அவன். அவன் கப்பல் வர்றதுக்கு ஆயிரக்கணக்கான வருசம் முன்னாடியே தென்னமெரிக்கா மலைச் சனங்க பயிர் பண்ணினது அக்கா. அவங்களும் செத்தவங்களுக்குச் சோறு படைச்சவங்கதான்."

"அப்ப அங்கயே போய்ப் படை லா!"

நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம் உங்களை அப்படிப் பிடித்து ஆட்டியது. அந்தச் சனங்கள் கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, பகலில் காலால் மிதித்து நீரை எடுத்து, வற்றலாக்கி வருடக்கணக்கில் வைத்திருப்பார்களாம். ரயில்வே வேலை முடிந்து வந்து நீங்களும் இறங்கிவிட்டீர்கள். மலைப்பனிக்கு நம் வீட்டு ஐஸ்பெட்டி. கைலியைத் தூக்கிக் கட்டி, கொல்லையில் சாக்கின்மேல் நீங்கள் மிதித்த மிதி! காயப் போட்ட அன்றே கோலாலம்பூர் மழை கொட்டியது. நாற்றம் ஒரு வாரம் போகவில்லை. வாசலில் கால் வைத்ததும் அக்கா கேட்டார்கள், "எங்க எலி செத்துக் கெடக்கு?" நீங்கள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தீர்கள்.

"நம்ம ஊர் வெயில நம்பிட்டேன். அவங்க எவ்வளவு கெட்டிக்காரங்கன்னு இப்பதான் தெரியுது" என்றீர்கள். தோற்றதில் இவ்வளவு சந்தோசப்பட்ட மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.

பத்து மணிக்கு அக்கா வந்தார்கள். பையில் வாழைக்காய், அவரை, சேனை. நேரே அடுப்புக்குப் போய் மூடியைத் திறந்தார்கள். மிளகு தூவிய கிழங்குப் பிரட்டலைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்கள். எடுத்துக் கொட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"மொளகாத்தூள் போடலையா?"

"திவசத்துக்கு மிளகுதானே அண்ணி..."

"மொளகாயும் அந்தப் பக்கத்துச் சனங்க குடுத்ததுதான்னு அவன் எத்தன வாட்டி சொல்லியிருக்கான்! கெழங்க வச்சிட்டுக் காரம் இல்லன்னா என் தம்பி எப்படிச் சாப்பிடுவான்? எடு அந்த டப்பாவ."

சண்டை போட்டுக்கொண்டே உங்கள் பேச்சை அக்கா ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார்கள். இருவரும் அடுப்படியிலேயே கட்டிக்கொண்டு அழுதோம். பிறகு சிரித்தோம்.

அந்தச் சனங்கள் அழிந்துவிடவில்லை, இன்னும் அதே மலையில் அதே கிழங்கை நடுகிறார்கள் என்று சொல்வீர்களே, அதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் தங்களை விட்டுப் போனவர்களுக்குப் படைத்ததைத்தான் இன்று உங்கள் இலையில் வைத்தேன். அக்கா இன்னொரு கரண்டி வைத்தார்கள்.