இரட்டையாக விழும் எழுத்து

மார்ச் 3
ஆபீஸில் வேண்டாமென்று கழித்துவிட்ட மின்சார டைப்ரைட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பதினோரு வருடம் நான் அடித்த அதே மெஷின். ஒரு தடவை தட்டினால் எழுத்து இரண்டாக விழும். 'கவனக்குறைவு' என்று எனக்கு மெமோ கொடுத்து, தலைமை எழுத்தர் பதவியை முன் மேசைக்காரிக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். முன் மேசைக்காரி வேறு யாருமில்லை, என் நாத்தனார். போட்டுக்கொடுத்தது அவள்தான். வேறு யார்? மெஷினைச் சரிசெய்து, குற்றம் அதில்தான் என்று அவள் கண்ணெதிரே காட்டாமல் விடமாட்டேன்.

மார்ச் 5
மூடியைக் கழற்றினேன். பழைய கிரீஸ் பிசின்போல இறுகிக் கிடக்கிறது. ஸ்பிரிட்டும் பழைய பல்பிரஷ்ஷுமாக நாள் முழுக்கத் தேய்த்தேன். இவர் எட்டிப் பார்த்து, "என் தங்கச்சிய நெனச்சுக்கிட்டே தேய்க்கிறியா?" என்றார். ஆமாம் என்றேன். பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மார்ச் 9
மாட்டிக்கொண்டது! மோட்டார் சுழற்றுகிற ரப்பர் உருளையில் ஒரு பள்ளம்.

மார்ச் 10
மெக்கானிக் பார்த்தார். "பள்ளம் இருந்தா எழுத்து விட்டுப்போகும்மா. ரெட்டையா விழாது." பெரிய மேதாவி. இந்த ஆளுக்கும் அவள் சொல்லிக்கொடுத்திருப்பாளோ?

மார்ச் 16
புது உருளை, அதை மோட்டாரோடு இணைக்கும் புது பெல்ட். மெக்கானிக் ஒரு பக்கம் அடித்துக் காட்டினார். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. உடனே அவளுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொன்னேன். வரட்டும்.

மார்ச் 17
நான் அடித்தேன். இரண்டிரண்டாக விழுகிறது.

மார்ச் 18
மெக்கானிக் அடித்தால் ஒன்று, நான் அடித்தால் இரண்டு. "கரண்ட் இல்லாத மெஷின்ல பழகின விரல்மா. அழுத்துனா எடுக்க மாட்டேங்குறீங்க. இதைத் தொட்டாலே போதும்." யாருக்குய்யா டைப் சொல்லித் தர்றே, போய்யா — என்று கத்திவிட்டேன். அப்படியானால் இத்தனை வருடமும்...? ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாளே!

மார்ச் 20, ஞாயிறு
வந்தாள். நேரே மெஷினிடம் போய் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் சுற்றியது, எத்தனை தட்டியும் எழுத்து எதுவும் விழவில்லை. இன்னும் சரியாகவில்லை என்றேன்.

"விடுங்க அண்ணி. மெஷின்லதான் கோளாறுன்னு நான் அப்பவே மேனேஜருக்கு எழுதியே குடுத்தேன். அந்தாளு கேக்கல."

நல்லவளாகவும் இருந்து தொலைத்திருக்கிறாள். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. தட்டு வைத்துப் பரிமாறினேன். காலையில் நான் கத்தரித்த பெல்ட் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.