பிரிக்கக் கூடாத பொட்டலம்

உன் குடை என் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் உன் தங்கை மகள் கொண்டுவந்து கொடுத்தாள். "வருஷத் திதி முடிஞ்சதும் உங்ககிட்ட குடுக்கச் சொல்லிட்டுப் போனாங்க பெரியம்மா" என்றாள். மூங்கில் பிடி, ஒரு கம்பி வளைந்தது, லீவுக்குப் போன ஊரிலெல்லாம் நம் இருவர் தலைக்கும் நீ பிடித்த அதே குடை. விரித்ததும் அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. உன் டிரங்குப் பெட்டியின் வாசனை. நீயே உள்ளே வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழுதேன். அது பத்து மணிக்கு. பதினோரு மணிக்கு உன்மேல் வந்த கோபம் இந்த நிமிஷம் வரை அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெண் காபி குடித்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க ரெண்டு பேரும் லீவுக்கு முன்னாடி பிள்ளையார்கிட்ட பூக்கட்டிப் பார்ப்பீங்களாமே, டீச்சர்? பெரியம்மா ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூவைத்தான் வச்சுக் கட்டுவாங்களாம். கடைசிவரைக்கும் நீங்க கண்டுபிடிக்கவே இல்லைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

அடிப்பாவி என்று சொல்லிக்கொண்டே நானும் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது.

அப்போது நமக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திருவானைக்காவலில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீ மூன்றாம் வகுப்பு டீச்சர், நான் நான்காம் வகுப்பு டீச்சர். உனக்கு இருபத்திரண்டில் தாலி போயிற்று. எனக்கு அது வரவே இல்லை. ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டியதும் நீ ஸ்ரீரங்கத்திலிருந்து வந்துவிடுவாய், இருவரும் பஸ் ஏறிவிடுவோம். எந்த ஊருக்குப் போவது என்பதில் நமக்குள் தகராறே கிடையாது. வழியில் எங்கே இறங்குவது என்பதில்தான் குடுமிப்பிடிச் சண்டை.

கண்டக்டர், பள்ளிக்கூடத்து ஆயா, கீரைக்காரி என்று யார் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வருவாய். திண்டுக்கல் ரோட்டில் ஐந்து கால் பசு. ராமநாதபுரத்துக்கு இந்தப் பக்கம் கொட்டகையில் உயிருள்ள கடல் கன்னி. மதுரையில் அட்டையில் செய்த ஆகாய விமானம், ஏறி உட்கார்ந்தால் போட்டோ பிடித்துக் கொடுப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "டிக்கெட் வாங்கி ஏமாறணுமா? அந்த நேரத்துக்கு இன்னொரு கோயிலைப் பார்க்கலாம்ல?" என்பேன்.

"கோயில் எங்கடி போயிடப் போகுது? ஆயிரம் வருஷமா அங்கேயேதான் இருக்கு. மாடு செத்துப்போனா அஞ்சாவது காலை நீயா காட்டுவே?" என்பாய்.

சண்டை முற்றினால் அகிலாண்டேஸ்வரி சந்நிதிக்கு எதிரே இருக்கிற பிள்ளையார்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நோட்டுத் தாளைக் கிழித்து ஒன்றில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. கட்டுவது நீ, எடுப்பது நான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, சாமி குத்தமாகிவிடும் என்று ஒரு சட்டம் வேறு வைத்திருந்தாய். வருஷா வருஷம் வெள்ளைதான் வந்தது. "நான் என்னடி பண்றது, பிள்ளையாருக்கே மாடு பார்க்க ஆசை" என்று முகத்தைச் சாதுவாக வைத்துக்கொள்வாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு தடவைகூடச் சிவப்பு வராதா என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மண்டு.

கடல் கன்னி நினைவிருக்கிறதா? கண்ணாடித் தொட்டிக்குள் இடுப்புக்குக் கீழே ஜிகினாத் தாள் ஒட்டின சாக்கோடு ஒரு பெண் படுத்திருந்தாள். பாவம், நல்ல புழுக்கம். கொட்டகைக்காரன் "ஏழு கடலுக்கு அப்பால் பிடிபட்டவள்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் கொட்டாவி விட்டு, மூக்கைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, டீ சொன்னீங்களா இல்லையா?" என்று கேட்டாள். நீ சிரித்த சிரிப்பில் கொட்டகையே நம்மைத் திரும்பிப் பார்த்தது. வெளியே வந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். "ஏமாத்தறதுதான் ஏமாத்தறான், எவ்வளவு சிரத்தையா ஏமாத்தறான் பாரேன். அதுக்கே குடுக்கலாம்டி" என்றாய்.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பயணங்களில் பார்த்த பிராகாரங்களும் தூண்களும் எனக்கு ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன. திமிலில் தொங்கிய அந்தச் சூம்பிப்போன கால் மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது. போனது நல்லதுதான். லீவு என்றால் அப்படித்தான் கழிய வேண்டும். அதற்காக நீ எத்தனை பொட்டலம் பொய்யாகக் கட்டியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

ஆனால் காலி டம்ளரை வாங்கி வைக்கும்போது எனக்குத் துறையூர்க்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது முப்பத்து நான்கு. அவருக்குத் துறையூரில் விதைக்கடை. மனைவி தவறிப்போய் மூன்று வருஷம், பிள்ளை குட்டி இல்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு நேரே வீட்டுக்கு வந்தார். அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது, "டீச்சர் வேலையை விட வேண்டாங்க. துறையூர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு" என்றார். எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், என் வேலையை ஒரு பொருட்டாக நினைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அண்ணன், "நீயே யோசிச்சுச் சொல்லும்மா" என்று விட்டுவிட்டான். எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. உன்னிடம் ஓடிவந்தேன்.

பூக்கட்டிப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். அதில் உன்மேல் குற்றம் இல்லை. "இது மாட்டு விஷயம் இல்லடி" என்றுகூடச் சொன்னாய். நான்தான் பிடிவாதமாகத் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் போய் வெகுநேரம் கட்டினாய். பிள்ளையார் காலடியில் வைத்தாய். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பிரித்தேன். செவ்வரளி.

மற்றதை நீ எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாய். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். எனக்காக அழுகிறாய் என்று நினைத்து நான் உன்னைத் தேற்றினேன்! "அகிலாண்டேஸ்வரி அம்மாவே வேண்டாங்கறா, விடு" என்றாய். விட்டேன். அடுத்த வைகாசியில் அவர் முசிறியில் பெண் எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அந்த லீவில் நாம் மதுரைக்குப் போய் அட்டை விமானத்தில் உட்கார்ந்து போட்டோ பிடித்துக்கொண்டோம்.

இன்று உன் தங்கை மகளிடம் சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டேன். "எப்பவாவது சிவப்பு வச்சுக் கட்டியிருக்காளாம்மா?"

"ஒரே ஒரு தடவை ரெண்டுலயும் சிவப்பாம், டீச்சர். எதுக்குன்னு கேட்டேன். அது வேறன்னு சொல்லிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க."

அவள் போனபிறகு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். துரோகி. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. ஊரை ஏய்க்கிறவனைக்கூடச் சிரத்தையாக ஏய்க்கிறான் என்று ரசிப்பாயே, என்னிடமும் அந்தச் சிரத்தையைக் காட்டிவிட்டாய். அவர் போனதுகூடப் பெரிதில்லை. கட்டியிருந்தால் அங்கே சுகப்பட்டிருப்பேனா, கஷ்டப்பட்டிருப்பேனா, யார் கண்டது? ஆனால் நீ கண்ணை மூடுகிறவரை ஒன்பது வருஷம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், இந்தத் தாயே எனக்கு ஒரு குடும்பம் வேண்டாமென்று சொல்லிவிட்டாளே என்று குன்றிப்போய் அந்தச் சந்நிதியில் நின்றிருக்கிறேன். என்ன பாவம் செய்தேனோ என்று நினைக்காத நாள் இல்லை. தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பக்கத்தில் நீயும்தான் நின்றாய். என் குனிந்த தலை உன் கண்ணில் படவே இல்லையா? வாயைத் திறக்க உனக்கு ஒன்பது வருஷம் போதவில்லையா?

ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் துறையூருக்குப் போய்விட்டால் ஏப்ரல் கடைசியில் உன்னோடு பஸ் ஏற யார் இருக்கிறார்கள்? உன் வீட்டில் உன்னை ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். அது தெரிந்தும் என் மனம் ஆறவில்லை.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். கூட்டம் இல்லை. அம்மனை நன்றாக நிமிர்ந்து பார்த்தேன். காதில் தாடங்கம் மின்னியது. "இத்தனை வருஷம் உன்மேல் பழி போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள் தாயே" என்றேன். உனக்காகவும் ஒரு அர்ச்சனை செய்யலாமா என்று தோன்றியது. செய்யவில்லை. இன்றைக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. இனிமேல் இதைச் சுமந்துகொண்டுதான் நடமாட வேண்டும். எதற்காகடி உனக்கு அந்தப் பூவும் பொட்டலமும்? அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அதே கையைப் பிடித்துக்கொண்டு, போகாதேடி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நான் போயிருக்க மாட்டேன்.